வளர்ப்புச் செல்வமும் மருத்துவச் சோதனையும்

(சத்தியமங்கலத்தில், தத்தெடுத்த பெற்றோர், அங்கன்வாடிப் பணியாளர், கிராமச் சுகாதாரச் செவிலியர் ஆகியோர் கூடியிருந்த கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



மகவு இல்லாத இல்லம் ஒரு மகவை ஏற்று வளர்ப்பது நம் நாட்டில் பழமையான அறம். முன்னாளில் பங்காளி வீட்டுப் பிள்ளையையோ உறவினர் பிள்ளையையோ சுவீகாரம் எடுப்பதே பெருவழக்காக இருந்தது. அப்பிள்ளையின் தாய் யார், அவள் எவ்வாறு கருவுற்றிருந்தாள், பிள்ளை எந்நிலையில் பிறந்தது என்பவை ஊரறிந்த செய்திகள். இன்றோ, பெற்றவர் இன்னார் என்று அறியாத பிள்ளையையும் நம் மக்கள் மனமுவந்து ஏற்கின்றனர். தமிழ்நாட்டில் 1992ஆம் ஆண்டு சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கப்பெற்றது. அதன் வழியாகவும் பிற வழிகளாலும் எத்தனையோ பிள்ளைகள் நல்ல இல்லங்களை அடைந்தனர். நாடு முழுவதற்கும் ஒரே பதிவு முறை ஏற்பட்டபின், சத்தியமங்கலத்துப் பெற்றோர்க்கு வேறு மாநிலத்தில் பிறந்த பிள்ளை வந்து சேர்தலும் கூடும். இது போற்றத்தக்க வளர்ச்சியே.

ஆயினும், இதனால் ஒரு புதிய கடமையும் நமக்கு ஏற்பட்டுள்ளது. பிறப்பின் வரலாறு தெரியாத பிள்ளையின் உடலையும் உள்ளத்தையும் முறைப்படி சோதித்து அறிந்துகொள்வதே அக்கடமை. சோதித்தறிய வேண்டியவை பல. அவற்றுள் பலரும் அறியாத ஒன்றைக் குறித்து இன்று பேச எண்ணுகிறோம். தாய் கருவுற்றிருந்த காலத்தில் அருந்திய மதுவினால் பிள்ளைக்கு நேரும் கேடே அது. ஆங்கிலத்தில் 'ஃபீட்டல் ஆல்கஹால் சிண்ட்ரோம்' என்பர். நாம் இதனைக் கருநிலை மதுக்கோளாறு என்று அழைப்போம்.

கோளாறு எவ்வாறு உண்டாகிறது?

கருவுற்ற பெண் அருந்தும் மது அவளுடைய இரத்தத்தில் கலந்து, நஞ்சுக்கொடியைக் கடந்து, கருவின் இரத்தத்தையும் அடைகிறது. தாயின் ஈரல் மதுவைச் சிதைத்து வெளியேற்றும் ஆற்றல் உடையது. கருவின் ஈரலோ இன்னும் முதிராதது. ஆதலின் அம்மது கருவை விட்டு எளிதில் நீங்குவதில்லை. வளர்ந்துவரும் மூளையின் உயிரணுக்களைத் தாக்குகிறது. கள்ளாயினும் சாராயமாயினும் பீராயினும் விலையுயர்ந்த அயல்நாட்டுச் சரக்காயினும் கருவுக்கு ஒன்றே. கருவுற்ற காலத்தில் இவ்வளவு அருந்தினால் தீங்கில்லை என்று மருத்துவம் எந்த அளவையும் வரையறுக்கவில்லை.

1968ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டின் நாந்த் நகரத்து மருத்துவர் போல் லெமுவான், மதுப்பழக்கமுடைய பெற்றோரின் பிள்ளைகள் 127 பேரை ஆராய்ந்து தாம் கண்டவற்றை வெளியிட்டார். அன்று அதனைப் பெரிதாகப் பொருட்படுத்தியவர் இலர். 1973இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரத்தில் ஜோன்ஸ், ஸ்மித் என்னும் மருத்துவர்கள் இதே அடையாளங்களைப் பிள்ளைகளிடம் கண்டு, இக்கோளாற்றுக்கு இன்று வழங்கும் பெயரையும் இட்டனர். அதன் பின்னரே உலகம் விழித்தது.

இங்கு ஒரு நுட்பத்தை நினைவிற் கொள்ள வேண்டும். கருவில் முகம் உருப்பெறும் காலம் மிகக் குறுகியது. முதல் மாதத்தை ஒட்டிய சில நாட்களே. மூளையோ பத்து மாதமும் வளர்கிறது. அச்சில நாட்களில் மது சென்றிருந்தால் முகத்தில் அடையாளம் தங்கும். பிற நாட்களில் சென்றிருந்தால் முகம் எவ்வகை மாறுபாடும் இன்றி அழகாகவே இருக்கும். உள்ளே மூளை மட்டும் ஊறுபட்டிருக்கும். மதுவினால் ஊறுபட்ட பிள்ளைகளுள் முகத்தில் அடையாளம் இல்லாதவரே மிகுதி. ஆகவே, "பிள்ளை பார்க்க நன்றாகத்தானே இருக்கிறது!" என்னும் சொல் இதற்கு விடையாகாது.

வீட்டில் காணும் குறிகள்

பவானிக் கரையில் ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். கணவனும் மனைவியும் இரண்டு வயதுப் பெண் பிள்ளை ஒன்றைத் தத்தெடுக்கின்றனர். பிள்ளை மெலிந்து சிறுத்திருக்கிறது. "சோறு போட்டால் தேறிவிடும், விடு கண்ணு" என்று அம்மாயி தேற்றுகிறார். பாலும் முட்டையும் பருப்பும் குறைவின்றிக் கொடுக்கிறார்கள். பிள்ளை ஓரளவு தேறுகிறது. ஆனால் ஒத்த வயதுப் பிள்ளைகளின் தோளுக்குக் கீழேயே நிற்கிறது. பேச்சு நன்றாக வருகிறது. வாய் ஓயாமல் பேசுகிறது. பள்ளிக்குச் சென்றபின்தான் துன்பம் தொடங்குகிறது. நேற்றுப் படித்த எழுத்து இன்று மறந்துபோகிறது. மறுநாள் நினைவுக்கு வருகிறது. அடுத்த நாள் மீண்டும் மறைகிறது. கடைக்குச் சென்று உப்பும் தீப்பெட்டியும் வாங்கி, மீதிச் சில்லறையையும் கொண்டுவா என்றால், மூன்றில் ஒன்று மட்டும் நடக்கிறது. பூக்கூடையைத் தொடாதே என்று பத்து முறை கூறினும் பதினோராம் முறையும் தொடுகிறது. பண்ணாரி அம்மன் குண்டத் திருவிழாவில் பறையொலியும் கூட்டமும் கண்டு அலறி, இரவெல்லாம் உறங்காமல் புரள்கிறது.

ஆசிரியர், "சொன்ன பேச்சுக் கேட்பதில்லை" என்கிறார். தந்தை அடிக்கிறார். அடித்ததன் காரணம் பிள்ளைக்கு விளங்கவில்லை. ஆதலால் அடியினால் திருத்தமும் இல்லை. அக்கம்பக்கத்தார், "யார் பெற்றதோ, இரத்தம் பேசுகிறது" என்று முணுமுணுக்கின்றனர். இச்சொல்லே யாவற்றினும் கொடியது. பிள்ளையின் மூளையில் உள்ள ஊறு, குணக்கேடாகவும் குலக்கேடாகவும் கருதப்படுகிறது. கண் தெரியாத பிள்ளையைப் "படிக்கவில்லையே" என்று யாரும் அடிப்பதில்லை. நினைவிலும் அடக்கத்திலும் ஊறுபட்ட பிள்ளையை மட்டும் அடிக்கிறோம். ஏனெனில், அவ்வூறு நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. அதனைக் கண்ணுக்குப் புலப்படுத்துவதே மருத்துவச் சோதனை.

அறிவதால் என்ன பயன்?

"மருந்தால் தீராத கோளாறு என்கிறீர்கள், பின் அதனை அறிந்து என்ன செய்வது?" என்று சிலர் வினவலாம். சியாட்டிலில் ஆன் ஸ்டிரைஸ்கத் என்னும் அம்மையாரும் அவர்தம் குழுவினரும், இக்கோளாறு உடையோர் 415 பேரின் வாழ்க்கையை ஆராய்ந்தனர். பள்ளியை இடையில் விடுதல், காவல் வழக்கில் அகப்படுதல், போதைக்கு அடிமையாதல் முதலிய துன்பங்கள் அவர்களுள் பலரைத் தொடர்ந்து வந்தன. ஆனால், இளமையிலேயே கோளாறு கண்டறியப்பட்டு, நிலையான அன்புள்ள இல்லத்தில் வளர்ந்தவரிடம் இத்துன்பங்கள் குறிப்பிடத்தக்க அளவு குறைந்திருந்தன. காக்கும் கூறுகள் இரண்டு: ஒன்று நல்ல இல்லம், மற்றொன்று காலத்தே கிடைத்த அறிவு. தத்தெடுத்த பெற்றோர் முதலாவதை முன்னரே தந்துவிட்டனர். இரண்டாவதையும் சேர்த்துத் தரவே நாம் வேண்டுகிறோம்.

அமெரிக்காவில் மைக்கேல் டாரிஸ் என்னும் எழுத்தாளர் 1971ஆம் ஆண்டில் மூன்று வயதுச் சிறுவன் ஒருவனைத் தத்தெடுத்தார். பத்தாண்டு அளவும் அச்சிறுவனுடைய துன்பத்தின் காரணம் அவருக்கு விளங்கவில்லை. விளங்கியபின் அவர் எழுதிய நூல் 1989இல் வெளிவந்து, பலரையும் இப்பொருளின்பால் திருப்பியது. சுவீடன் நாட்டில், கிழக்கு ஐரோப்பாவிலிருந்து தத்தெடுக்கப்பெற்ற 71 பிள்ளைகளைச் சோதித்து 2010இல் வெளியிட்ட ஆய்வில், ஏறத்தாழப் பாதிப் பேரிடம் மதுவினால் நேர்ந்த ஊறு காணப்பட்டது. எல்லா நாட்டிலும் இவ்வளவு இருக்கும் என்பது இதன் பொருளன்று. தத்துப் பிள்ளைகளைச் சோதிக்கும்போது இதனையும் நினைக்க வேண்டும் என்பதே பொருள்.

நம் நாட்டுப் பெண்களிடையே மதுப்பழக்கம் குறைவு. 2019-21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் பதினைந்து வயதுக்கு மேற்பட்ட பெண்களுள் மது அருந்துவோர் நூற்றுக்கு 1.3 அளவே. இது மகிழத்தக்கது. எனினும், குறைவு என்னும் அக்காரணத்தாலேயே, இதனைப் பற்றி வினவ வேண்டும் என்ற எண்ணம் மருத்துவர்க்கும் எளிதில் தோன்றுவதில்லை. அரிசியிலிருந்து வீட்டிலேயே மது காய்ச்சி ஆணும் பெண்ணும் அருந்தும் வழக்கம் நாட்டின் சில பகுதிகளில் உண்டு. எங்கிருந்து வந்த பிள்ளை என்று அறியாதபோது, "நம் பக்கத்தில் இது இல்லை" என்று கூறி விட்டுவிடுதல் பொருந்தாது. பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவர்கள் 2008ஆம் ஆண்டிலேயே இக்கோளாற்றைப் பற்றி இந்தியக் குழந்தை மருத்துவ இதழில் விரிவாக எழுதியுள்ளனர்.

மருத்துவரிடம் தத்தை மறைக்கலாகாது

இன்று நாம் கூற வந்தவற்றுள் தலையாயது இதுவே. பிள்ளை தத்துப்பிள்ளை என்பதைப் பலர் மருத்துவரிடமும் மறைக்கின்றனர். "சுகப் பிரசவமா? குடும்பத்தில் வலிப்பு உண்டா? பிறந்தபோது எடை என்ன?" என்று மருத்துவர் கேட்கும்போது, தம் குடும்பத்துச் செய்தியையே விடையாகக் கூறிவிடுகின்றனர். ஊருக்கு அஞ்சியும், பிள்ளையின் மனம் நோகுமே என்றும் இவ்வாறு செய்கின்றனர். அவர்தம் அச்சத்தை நாம் பழிக்கவில்லை. ஆனால், விதையை மாற்றிச் சொல்லிவிட்டுப் பயிரின் நோய்க்கு மருந்து கேட்பது போன்றது இது. தவறான வரலாற்றைக் கொண்டு மருத்துவர் தவறான வழியில் தேடுவார். ஆண்டுகள் வீணாகும்.

ஊராரிடம் கூறுவதும் கூறாததும் பெற்றோர் விருப்பம். மருத்துவரிடம் கூறியே ஆக வேண்டும். பிள்ளையை வெளியே அமர்த்திவிட்டுத் தனியே கூறுங்கள். சீட்டில் எழுதியும் கொடுக்கலாம். மருத்துவர் மறைபொருளைக் காக்கக் கடமைப்பட்டவர்.

சட்டமும் பெற்றோர்க்குத் துணை நிற்கிறது. 2022ஆம் ஆண்டின் தத்தெடுப்பு ஒழுங்குமுறைகளின்படி, பிள்ளையைப் பற்றிய ஆய்வு அறிக்கையும் மருத்துவச் சோதனை அறிக்கையும் பெற்றோர்க்கு அளிக்கப்படுகின்றன. ஏற்பதற்கு முன்னர், அம்மருத்துவ அறிக்கையைத் தாம் விரும்பும் மருத்துவரிடம் காட்டிக் கருத்துக் கேட்கும் உரிமையும் உண்டு. தத்தெடுத்தபின் ஈராண்டுக் காலம், ஆறு மாதத்திற்கு ஒருமுறை பிள்ளையின் நிலை கண்டறியப்படுகிறது. அப்போது வருவோரிடம் குறைகளை மறைக்காமல் எடுத்துரைத்தல் நன்று. சட்டத்திற்குப் புறம்பாகப் பிள்ளையை விலைகொடுத்து வாங்குவோர்க்கு ஐந்தாண்டு வரை கடுங்காவலும் ஒரு இலட்சம் ரூபாய் அபராதமும் உண்டு. அத்துடன், அவ்வழியில் வரும் பிள்ளையின் பிறப்பு வரலாறு முற்றும் அழிந்துபோகிறது. பின்னாளில் நோய் என்று மருத்துவரிடம் செல்லும்போது காட்டுவதற்கு ஒரு துண்டுக் காகிதமும் இராது.

சோதனை எவ்வாறு நடைபெறும்?

இரத்தத்தை எடுத்துப் பார்த்து இக்கோளாற்றைக் கண்டுபிடிக்கும் சோதனை ஏதும் இல்லை. மருத்துவர் நான்கு செய்திகளைச் சேர்த்து எடைபோடுகிறார்.

முதலாவது, வளர்ச்சி. உயரம், எடை, தலையின் சுற்றளவு ஆகியவற்றை அளந்து வயதுக்குரிய அளவுடன் ஒப்பிடுவார்.

இரண்டாவது, முகம். மூன்று அடையாளங்களைத் தேடுவார். கண்ணின் இரு முனைகளுக்கும் இடைப்பட்ட நீளம் குறைந்திருத்தல் ஒன்று. மூக்கின் அடியிலிருந்து மேலுதடு வரை வாய்க்கால் போல் ஓடும் பள்ளம் மேடுபள்ளமின்றி வழவழப்பாக இருத்தல் மற்றொன்று. மேலுதடு மெலிந்திருத்தல் மூன்றாவது. கண்ணின் நீளத்தை அளவுகோலால் அளக்கின்றனர். உதட்டைப் படங்களுடன் ஒப்பிடுகின்றனர். மக்களினத்திற்கு ஏற்ப முக அமைப்பு வேறுபடும் ஆதலின், இது பழகிய மருத்துவரே செய்ய வேண்டிய பணி. பெற்றோர் கண்ணாடி முன் நிறுத்திப் பார்த்து முடிவுகட்டுதல் கூடாது.

மூன்றாவது, மூளையின் செயல். நினைவு, கவனம், கணக்கு, மொழியைப் புரிந்துகொள்ளுதல், திட்டமிடுதல், தன்னை அடக்குதல் ஆகியவற்றை மனநல வல்லுநர் சோதிப்பார். பினே-காமத் அறிவுச் சோதனை, வைன்லாந்து சமூக முதிர்ச்சி அளவை முதலியவை நம் நாட்டில் வழங்குவன. அறிவெண் ஓரளவு நன்றாக இருந்தும் அன்றாட வாழ்வில் தடுமாறும் பிள்ளைகள் உண்டு. ஆதலால் எண் ஒன்றை மட்டும் கேட்டு நிறைவடைதல் ஆகாது.

நான்காவது, தாயின் மதுப்பழக்கம் பற்றிய செய்தி. தத்துப் பிள்ளைக்கு இது பெரும்பாலும் கிடைப்பதில்லை. அதற்காக மனந்தளர வேண்டாம். வளர்ச்சிக் குறைவும், முகத்தின் மூன்று அடையாளங்களும், மூளைக் குறைபாடும் ஒருங்கே காணப்பட்டால், தாயைப் பற்றிய சான்று இன்றியும் கோளாற்றை உறுதிசெய்யலாம் என மருத்துவ நெறிகள் கூறுகின்றன. முக அடையாளம் இல்லாத பிள்ளைக்கே அச்சான்று மிகவும் தேவைப்படுகிறது. அது கிடைக்காவிடின், காரணத்தை உறுதிசெய்ய இயலாமற் போயினும், குறைகளை அளந்து அவற்றுக்கு உதவி பெறுதல் இயலும்.

இவ்வடையாளங்கள் பிற நோய்களிலும் தோன்றக்கூடும். ஊட்டக் குறைவு, இரத்தசோகை, தைராய்டுச் சுரப்புக் குறைவு, பிறவி மரபணுக் கோளாறுகள், தாய் உட்கொண்ட சில வலிப்பு மருந்துகளின் விளைவு, காப்பகத்தில் அன்பின்றிக் கழிந்த நாட்களின் வடு ஆகியவற்றை ஒவ்வொன்றாக விலக்கியே முடிவுக்கு வர வேண்டும். இவற்றுட் சில மருந்தாலும் உணவாலும் தீர்வன. காது, கண், இதயம், சிறுநீரகம் ஆகியவற்றையும் உடன் சோதித்தல் வேண்டும்.

கையில் கொண்டு செல்ல வேண்டியவை

பிள்ளையின் ஆய்வு அறிக்கை, மருத்துவ அறிக்கை, தடுப்பூசி அட்டை, அங்கன்வாடியின் எடைப் பதிவு, பள்ளிக் குறிப்பேடுகள், ஆசிரியர் எழுதிய குறிப்பு ஆகியவற்றை ஒரு கோப்பில் சேர்த்துக்கொள்ளுங்கள். பிள்ளை வந்த நாட்களில் எடுத்த நிழற்படத்தையும் மறவாதீர்கள். பருவம் எய்தியபின் முக அடையாளங்கள் மங்கிவிடக்கூடும்; அப்போது பழைய படமே சான்றாகும். புதிதாகப் படம் எடுப்பின், பிள்ளை சிரிக்காமல் நேரே நோக்கும்படி எடுக்க வேண்டும். சிரித்தால் உதடு மெலிந்து, பள்ளமும் மறைந்து தவறாகத் தோன்றும். வீட்டில் கண்ட குறிகளை நாளும் ஒரு வரியாக ஒரு மாதம் எழுதிவைத்தால் மருத்துவர்க்குப் பேருதவியாகும்.

எங்குச் செல்வது? 2013ஆம் ஆண்டு தொடங்கிய சிறார் நலத் திட்டத்தின்கீழ், நடமாடும் மருத்துவக் குழுவினர் அங்கன்வாடிகளுக்கு ஆண்டில் இருமுறையும் அரசுப் பள்ளிகளுக்கு ஒருமுறையும் வருகின்றனர். பிறப்பு முதல் பதினெட்டு வயது வரையுள்ளோர்க்கு இத்திட்டம் உரியது. அவர்களிடம் பிள்ளையைக் காட்டினால், மாவட்ட இடையீட்டுச் சேவை மையத்திற்கு அனுப்புவர். தாளவாடி, கடம்பூர் மலைவாழ் மக்களுக்கும் இதுவே முதற்படி. மேலும் நுட்பமான ஆய்வு வேண்டின், வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் குழந்தை வளர்ச்சிக்கெனத் தனிப் பிரிவும், பெங்களூரு நிம்ஹான்ஸில் சிறார் மனநலப் பிரிவும் உள்ளன. பேச்சுக்கும் செவிக்கும் மைசூரில் அகில இந்திய நிறுவனம் இருக்கிறது. திம்பம் மலைப்பாதை வழியே சென்றால் அது நமக்கு அணித்தே. சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் பல்வகை ஊனமுற்றோர்க்கான தேசிய நிறுவனம் செயற்படுகிறது.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் கூறப்பெற்ற 21 வகைகளுள் இக்கோளாற்றின் பெயர் தனியே இல்லை. எனினும், அறிவுசார் குறைபாடோ கற்றல் குறைபாடோ அளந்து உறுதிசெய்யப்படின், அதன் பெயரால் சான்றிதழும் சலுகைகளும் பெறலாம். வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியர்களையும் நாடுங்கள்.

அறிந்தபின் செய்ய வேண்டுவன

ஒரு நேரத்தில் ஒரே வேலையைச் சொல்லுங்கள். சொல்வதோடு செய்தும் காட்டுங்கள். எழுவதும் உண்பதும் உறங்குவதும் நாள்தோறும் ஒரே ஒழுங்கில் நிகழட்டும். மறந்ததை மீண்டும் கற்பியுங்கள். நூறாம் முறையும் முதல் முறை போலவே கற்பியுங்கள். பணத்தையும் நெருப்பையும் கிணற்றங்கரையையும் தனியே அதன் பொறுப்பில் விடாதீர்கள். பூத்தொடுத்தலோ ஆட்டுக்குட்டி வளர்த்தலோ எதில் பிள்ளையின் கை தேறுகிறதோ, அதனைப் போற்றி வளருங்கள். பேச்சுப் பயிற்சி, செயற்பயிற்சி ஆகியவை பயன்தரும். கவனக்குறைவுக்கும் உறக்கமின்மைக்கும் மருத்துவர் வேண்டுமெனக் கருதினால் மருந்து தருவார். அடியால் ஒரு பயனும் இல்லை.

பெற்ற தாயைப் பழித்தலும் வேண்டா. தான் கருவுற்றதை அறியும் முன்னரே அருந்தியவர் உண்டு. மதுவுக்கு அடிமையாகி, கைதூக்கி விடுவார் இன்றித் தவித்தவர் உண்டு. பழிச்சொல் பிள்ளையின் காதில் விழுந்தால், அது தன்னையே வெறுக்கத் தொடங்கும். கருவுற்றோர் இல்லத்தில் மது புகாமற் காப்பது கணவன்மாரின் பொறுப்புமாகும்.

சோதனையில் கோளாறு தெரிந்தால் பிள்ளையைத் திருப்பி அனுப்பிவிடலாம் என்று எவரும் எண்ணலாகாது. அதற்காக அன்று இச்சோதனை. பிள்ளை அதே பிள்ளைதான். அதனை அறிந்துகொள்ளும் நம் அறிவே வளர்ந்திருக்கிறது.

அங்கன்வாடிச் சகோதரிகளே! எடை தேறாத, சொல் நில்லாத பிள்ளையைக் கண்டால், "அடங்காப் பிள்ளை" என்று எழுதிவிடாமல், அடுத்துவரும் மருத்துவக் குழுவின் பட்டியலில் அதன் பெயரைச் சேருங்கள். பெற்றோர்களே! அக்குழு வரும் நாளைக் கேட்டறிந்து, கோப்புடன் பிள்ளையை அழைத்துச் செல்லுங்கள். பள்ளியில் சேர்க்கும் வயதுக்கு முன்னரே இது நடைபெறுமாயின் மிக நன்று; வயது கடந்துவிட்டாலும் இன்றே தொடங்குதல் நன்று.